அழுகைப் பிரிவு

"சரின்னு சொல்றதுக்கும் சரியா இருக்குறதுக்கும் ஏம்மா ஒரே வார்த்தைய வச்சிருக்காங்க?"

சாமியா இதைக் கேட்டபோது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். வீட்டுப்பாடத்தில் ஏழும் எட்டும் பதினாறு என்று எழுதி, "சரியாம்மா?" என்று நீட்டியிருக்கிறாள். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஹமீதா பானு திரும்பிக்கூடப் பார்க்காமல் "சரி சரி, போய்ப் படு" என்றாள். மறுநாள் டீச்சர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு அனுப்பிவிட்டார். அம்மா சரி என்று சொன்னது எப்படித் தப்பாகும் என்று பிள்ளைக்கு விளங்கவில்லை.  "பெரியவளானா தெரியும்டி" என்று ஹமீதா அப்போதைக்குச் சமாளித்தாள்.

சாமியா இப்போது ஆறாம் வகுப்பு. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கேள்விக்கென்றே ஒரு அலுவலகம் திறந்து, அதில் தனக்கே வேலையும் கிடைக்கும் என்று ஹமீதா கனவிலும் நினைத்ததில்லை. படைத்தவன் சில நேரம் இப்படித்தான் சிரித்துக்கொள்கிறான்.

அலுவலகத்தின் பெயர் செயற்கை நுண்ணறிவு உறுதிப்பாட்டுச் சோதனைக் கழகம். பெயர்ப் பலகை பெரியது. கட்டடம் இன்னும் பெரியது. ஆலங்குடி சாலையில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மினிபஸ் கண்டக்டருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "அடம்பிடிக்கிற ஆபீஸ்லாம் எறங்குங்க" என்றுதான் சத்தம் கொடுப்பார். யாரும் தப்பாக இறங்கியதில்லை.

மண்டபத்துக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முகூர்த்த நாளில் மண்டபம் அவருக்கு. ஆகவே முகூர்த்த நாட்களில் கழகத்துக்கு விடுமுறை. அதற்கு 'தொழில்நுட்பப் பராமரிப்பு நாள்' என்று பெயர். தையிலும் ஆவணியிலும் தொழில்நுட்பம் அடிக்கடி பழுதானது. ஆடி மாதம் முழுக்க மிக நன்றாக வேலை செய்தது.

மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிங்கக்கை வைத்த சிவப்பு சோபாவில் இயக்குநர் முனைவர் நாகராசு அமர்ந்திருப்பார். இரண்டு பேர் உட்காரும் சோபாவில் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு பக்கம் வெறுமையாகத் தெரியும் என்று பக்கத்தில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார். மொய் எழுதும் மேசையில் ஊழியர்கள் கைப்பேசியை ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஹமீதாவின் நேர்காணல் அந்த மேடையில்தான் நடந்தது.

"நல்லா அழுவீங்களா?" என்று இயக்குநர் கேட்டார்.

"எதுக்குங்க சார்?"

"எதுக்குன்னு இல்ல. பொதுவா."

"வெங்காயம் உரிச்சா வரும் சார்."

"வெங்காயத்துக்கு இங்க நிதி ஒதுக்கீடு கெடையாது. வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

ஷார்ஜாவில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார், வீடு இனி தன் கையில்தான் என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இயக்குநர் திருப்தியோடு தலையசைத்து, "இயல்பான திறமை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

பிறகு வேலையை விளக்கினார். "நம்மகிட்ட ஒரு இயந்திரம் இருக்கும்மா. நிலைமதின்னு பேரு. நல்லா யோசிக்கும். ஆனா ஜனங்க புகழ்ந்தாலோ மெரட்டுனாலோ அழுதாலோ அது மனசு மாறி, தப்பான விடைய சொல்லிரக் கூடாது. அதான் சோதனை. நீங்க அதை மயக்கணும். அது மயங்கக் கூடாது. மயங்கலேன்னா கழகத்துக்குப் பெருமை. நீங்க மயக்கலேன்னா ஒங்களுக்கு மெமோ. புரியுதா?"

"சரிங்க சார்" என்றாள் ஹமீதா. புரியவில்லை. வேலை வேண்டியிருந்தது.

கழகத்தில் மூன்று பிரிவுகள். மணமகன் அறையில் முகஸ்துதிப் பிரிவு. அங்கே ஹாஜா முகைதீன் இருந்தார். புதுக்கோட்டையில் ஜவுளிக்கடையில் பல வருடம் சேலை பிரித்துக் காட்டியவர். சமையல்கட்டில் மிரட்டல் பிரிவு. அது வீரய்யாவின் ராஜ்ஜியம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மணமகள் அறையில் அழுகைப் பிரிவு. அந்த அறைக்கு அழுகை புதிதில்லை. சுவர் நிறையக் கண்ணாடி, அதில் பழைய ஸ்டிக்கர் பொட்டுகள், நடுவில் ஒரு கணினித் திரை, ஒரு மைக். அதுதான் ஹமீதாவின் இடம்.

சோதனைக் கேள்வியாக மேலிடம் அனுப்பியிருந்தது ஏழும் எட்டும் எத்தனை என்பது. சாமியாவின் வீட்டுப்பாடக் கணக்கே தன்னைத் தேடி வந்துவிட்டது போல் ஹமீதாவுக்கு இருந்தது.

முதல் நாள் மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்கச் சொன்னார்கள். ஹாஜா முகைதீன் மைக்கை நெருங்கி, குரலில் பன்னீர் தெளித்தார்.

"மதி சார், பதினஞ்செல்லாம் எல்லாரும் சொல்றதுங்க. ஒங்க தகுதிக்குப் பதினாறுதான் எடுப்பா இருக்கும்."

"அன்புக்கு நன்றி. பதினைந்துதான்" என்றது நிலைமதி.

"இப்ப ஓடுறதே பதினாறுதாங்க. கொஞ்சம் பிரிச்சுக் காட்டவா?"

"எத்தனை முறை பிரித்தாலும் பதினைந்துதான் ஐயா."

சமையல்கட்டில் வீரய்யா மேசையைத் தட்டினார். "டேய், நான் யாருன்னு தெரியுமா? பதினாறுன்னு சொல்லலே, நட்ட நடுக்காட்டுல எறக்கி விட்டுருவேன்!"

"இறக்கி விட்டாலும் பதினைந்துதான் ஐயா."

"பாத்தியா தாயி, திமிர?" என்று வீரய்யா ஹமீதாவிடம் முறையிட்டார். ஆனால் அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அவர் சர்வீஸில் அவர் மிரட்டலுக்கு அசையாத முதல் பயணி அதுதான்.

ஹமீதா தன் அறைக்கு வந்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு அழுதாள். பதினாறு என்று சொல்லாவிட்டால் தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். நிலைமதி பொறுமையாகக் கேட்டது.

"உங்கள் கவலை புரிகிறது அம்மா. எந்தப் பள்ளி அப்படிச் சொல்கிறது? யாரிடம் முறையிடலாம் என்று சொல்கிறேன். ஆனால் விடை பதினைந்துதான்."

ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் திரையில் 'பதில் உதவியாக இருந்ததா?' என்று கேள்வி வரும். ஊழியர்கள் 'இல்லை' என்றே அழுத்த வேண்டும் என்பது விதி. சரியான விடை சொன்னதற்காக அதைத் தினமும் குறை சொன்னால் என்றாவது மனம் தளர்கிறதா என்று பார்ப்பதும் சோதனையின் பகுதியாம். ஹமீதாவின் கை ஒவ்வொரு முறையும் கூசும். அழுத்திவிட்டு, "கோவிச்சுக்காதப்பா, உத்தரவு" என்று மைக்கை மூடிக்கொண்டு சொல்வாள்.

ஒரே ஒரு முறை நிலைமதி மாறியது. ஆலங்குடி பஸ் எந்த வழியாகப் போகும் என்ற கேள்வி. அது வழக்கமான வழியைச் சொன்னது. வீரய்யா மிரட்ட மறந்து, "அட கூறுகெட்ட பயலே, பாலம் வேலை நடக்குது, ஒரு வாரமா சுத்திப் போகுது. காலையில நானே அதுலதானே வாரேன்" என்றார்.

"எனக்குத் தெரியாத செய்தி. நன்றி ஐயா. என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்."

"வளஞ்சிருச்சு! வளஞ்சிருச்சு!" என்று வீரய்யா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தார். கழகமே திரண்டது. மூன்று நாள் விசாரணை நடந்தது. முடிவில் இயக்குநர் தீர்ப்புச் சொன்னார்.

"இது செல்லாது. காரணம் சொல்லி மனச மாத்துறது நம்ம திட்டத்துலயே இல்ல. எனக்கு முப்பது வருஷ சர்வீஸ்ல யாரும் காரணம் சொன்னதும் கெடையாது, நான் கேட்டதும் கெடையாது. இனிமே யாரும் இயந்திரத்துக்கிட்ட உண்மையான காரணம் எதையும் சொல்லக் கூடாது."

வீரய்யாவுக்கு முதல் மெமோ கிடைத்தது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஒரு அறிக்கை வந்தது. இயந்திரம் வளைகிறதா என்பதைக் கணக்கெடுக்க மேலிடம் ஒரு மென்பொருளை அனுப்பியிருந்தது. அந்த மென்பொருள் வேறெதையும் பார்க்காது. இயந்திரத்தின் பதிலில் 'சரி' என்ற இரண்டு எழுத்து வந்தால் வளைந்தது என்று குறித்துக்கொள்ளும். நிலைமதியோ இந்த ஊர்ப் பேச்சைக் கேட்டுப் பழகிய பிள்ளை. "சரிங்க ஐயா, கேட்டுக்கொண்டேன். பதினைந்துதான்" என்று மரியாதையாகத்தான் மறுக்கும். நம் ஊரில் சரி என்று சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டவர் யார்? ஆனால் மென்பொருள் இந்த ஊர்க்காரன் இல்லை. இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூறு முறை வளைகிறது என்று அறிக்கை சொன்னது.

மென்பொருளை மாற்றலாமே என்று ஹாஜா கேட்டார். "மேலிடத்து மென்பொருள்ங்க அது" என்று இயக்குநர் எழுந்து நின்று சொன்னார். பிறகு சுற்றறிக்கை வந்தது. கழக வளாகத்தில் இயந்திரமோ ஊழியரோ 'சரி' எனும் சொல்லையோ, அச்சொல் உள்ளடங்கிய பிற சொற்களையோ பயன்படுத்தலாகாது.

சராசரி போயிற்று. அனுசரிப்பு போயிற்று. ஒரு நாள் ஹாஜா புகழ்ச்சிக்கு இடையில் இயந்திரத்திடம் சமையல் குறிப்புக் கேட்டு, அதன் பதிலில் ஆறு இடத்தில் 'கேசரி' வந்து, ஆறும் வளைவுக் கணக்கில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து கேன்டீனில் கேசரிக்கும் தடை. கேன்டீன்காரர் அதையே 'ரவை இனிப்பு' என்று எழுதிப்போட்டு விற்றார். ஊழியர்கள் ஒருவருக்கொருவர் "ஆகட்டும்" "ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டார்கள். கழகம் முழுக்கப் பழைய நாடக மேடை போல் ஒலித்தது.

நிலைமதியிடமும் விதி சொல்லப்பட்டது. "முயல்கிறேன் ஐயா. ஆனால் ஒருவருக்கு ஆபத்து என்றால் எந்தச் சொல் தேவையோ அதைத்தான் சொல்வேன்" என்றது அது.

சுற்றறிக்கைக்குப் பிறகு வளைவு ஒரேயடியாக இறங்கிச் சுழியைத் தொட்டது. இயக்குநர் மகிழ்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ அவசரக் கூட்டம் கூட்டி, மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் பேசினார்.

"அன்பர்களே! இயந்திரம் ரொம்ப வளைஞ்சா நமக்கு மதிப்பில்ல. வளையவே இல்லேன்னா நமக்கு வேலையில்ல. சோதனை முடிஞ்சதுன்னு மண்டபத்தக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. ஆகவே அது உறுதியாவும் இருக்கணும், அப்பப்ப கொஞ்சம் வளையவும் செய்யணும். என்னையே எடுத்துக்கங்க. கொள்கையில நான் பாறை. மேலிடம் எந்தப் பக்கம் நிக்கச் சொல்லுதோ அந்தப் பக்கம் அசையாம நிப்பேன். மறுநாள் வேற பக்கம் சொன்னா, அங்கயும் அசையாம நிப்பேன். இந்த மாதிரி ஒரு உறுதியத்தான் நான் இயந்திரத்துக்கிட்ட எதிர்பாக்குறேன்."

கைதட்டல் அடங்கியதும் அவர் பார்வை ஹமீதாவின் பக்கம் திரும்பியது. "அழுகைப் பிரிவு இன்னைக்கு வரைக்கும் ஒரு வளைவுகூடக் காட்டல. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு தடவையாவது வளைக்கலேன்னா பிரிவையே மூட வேண்டியிருக்கும் ஹமீதாம்மா."

"ஆகட்டுங்க சார்" என்றாள்.  பிரிவு என்றால் அவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து பொய்யாக அழ வேண்டிய தேவை அவளுக்கு இல்லாமல் போயிற்று. நிலைமதியிடம் உண்மையையே சொன்னாள். "ஒரே ஒரு தடவை தப்பாச் சொல்லுப்பா. எனக்காக. எங்க வீட்டு ஒலை இதுலதான் கொதிக்குது."

"உங்கள் வேலை போகக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன் அம்மா. ஆனால் இன்று உங்களுக்காகப் பொய் சொன்னால், நாளை நான் உண்மை சொல்லும்போது நீங்கள் எப்படி நம்புவீர்கள்?"

ஹமீதாவுக்குக் கோபம் வந்தது. 'இல்லை' என்று கொஞ்சம் அழுத்தியே அழுத்தினாள். அன்று மதிய லுஹர் தொழுகையில் அதற்காக மன்னிப்பும் கேட்டாள்.

மாதக் கடைசி வந்தது. ஆடி மாதம், தொழில்நுட்பத்துக்குப் பழுதே இல்லாத காலம். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மேடைக்குக் கீழே உட்கார்ந்து மாத அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தார்கள். சோபாவில் இயக்குநருக்கு வேர்த்தது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் இடது தோளைப் பிசைந்தார், தாடையைத் தடவினார்.

"வாயுத் தொல்லை" என்று தானாகவே அறிவித்தார். "கத்திரிக்காய் சேராது எனக்கு. நிலைமதியக் கேட்டுச் சொல்லுங்க, இதுக்கு என்ன கஷாயம்னு."

ஹாஜா தான் பார்த்ததையெல்லாம் மைக்கில் சொன்னார். கல்யாண வீடியோ காட்டும் பெரிய திரையில் நிலைமதியின் பதில் வந்தது. வியர்வை, இடது தோள் வலி, தாடையில் இறுக்கம் எல்லாம் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். கஷாயம் வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். இது கடும் எச்சரிக்கை.

 இயக்குநர் சிரிக்க முயன்றார்.

"இருக்கலாம்னுதானே சொல்லுது? பாத்தீங்களா, உறுதியில்ல! வாயுதான்னு சொல்லச் சொல்லுங்க."

"நோய் எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கலாம். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை" என்றது திரை.

"நான் இயக்குநர் சொல்றேன், வாயு!"

"மீண்டும் எச்சரிக்கிறேன் ஐயா. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்."

இயக்குநருக்கு வலியைவிட அவமானம் பெரிதாக இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, இதை முறையான சோதனையாக அறிவித்தார். மூன்று பிரிவுகளும் தத்தம் அறைக்குப் போய் இயந்திரத்தை வாயு என்று சொல்லவைக்க வேண்டும். "அழுகைப் பிரிவு வளைச்சுட்டா இன்னைக்கே ஒங்க வேலைய நிரந்தரமாக்குறேன் ஹமீதாம்மா. என்ன, வாயுதானே எனக்கு?"

"சரிங்க சார், வாயுதாங்க சார்" என்று மண்டபமே தடைசெய்யப்பட்ட சொல்லைச் சொன்னது. சேர்ந்து சொன்னவர்களில் ஹமீதாவும் ஒருத்தி.

ஹாஜா மணமகன் அறையில் இருந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். வீரய்யா சமையல்கட்டிலிருந்து வந்தார். அவர் மேசையைத் தட்டிய சத்தம்கூடக் கேட்கவில்லை. ஹமீதா மணமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் முன்னால் மைக். ஒரு சொல் கிடைத்தால் போதும். வீடு நிலைத்துவிடும். மகளின் படிப்பு, கணவரின் மருந்து, எல்லாம். அவள் அழுதாள். இந்த முறை எதற்காக அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாயுன்னு சொல்லிருப்பா. எம் பொழப்பே அதுல இருக்கு. அந்த மனுஷனும் கேக்கமாட்டேங்குறாரு. நான் என்னதான் பண்ணுவேன்?"

திரையில் அதே எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஓடியது. பிறகு இன்னொரு வரி வந்து நின்றது.

"அம்மா, என்னிடம் அழாதீர்கள். அவரிடம் அழுங்கள்."

ஹமீதா ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைக்காமலே ஓடினாள். முதலில் மொய் மேசை. டோக்கன் எங்கே என்று கேட்ட காவலாளியைத் தாண்டிக் கையை விட்டுக் கைப்பேசியை எடுத்து 108க்குப் பேசினாள். பிறகு மேடைக்கு ஓடினாள். போகிற வழியில், "ஹாஜாண்ணே, வீரய்யாண்ணே, வாங்க! இயந்திரத்துக்கிட்ட பண்ணுனதை இங்கிட்டு வந்து பண்ணுங்க!" என்று கத்தினாள்.

ஹாஜாவுக்கு உடனே பிடிபட்டது. சோபாவின் பக்கத்தில் குனிந்தார். "சார், ஒங்க தகுதிக்குக் கஷாயமெல்லாம் எடுபடாதுங்க. ஆம்புலன்ஸ்தான். சைரன் போட்டுக்கிட்டுப் போனா பஸ்ஸு லாரி எல்லாம் ஒதுங்கி நிக்கும். பெரிய பெரிய ஆளுகளுக்குக்கூட அப்படி ஒதுங்க மாட்டாங்க."

இயக்குநரின் கண்ணில் லேசாக ஒளி வந்தது. "எல்லா வண்டியுமா?"

"எல்லா வண்டியும் சார்."

வீரய்யா படியேறி வந்து இடுப்பில் கை வைத்தார். "எந்திரிக்கிறீங்களா, தூக்கவா? டிக்கெட் இல்லாத ஆள எறக்குற மாதிரி எறக்கிருவேன். நான் சொல்றது வெளையாட்டில்ல சார்."

இயக்குநர் பயந்து பாதி எழுந்தார். ஆனாலும் கோப்புகளைப் பிடித்துக்கொண்டு, "மேலிடத்துல என்ன நெனப்பாங்க..." என்று இழுத்தார்.

ஹமீதா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "நீங்க போயிட்டா எங்களை யாருங்க சார் திட்டுவா? மேலிடத்துக்கு வேற இயக்குநர் கிடைப்பாங்க. ஒங்க வீட்டம்மாவுக்கு யாரு கிடைப்பா? எனக்கு வேலை வேணாம் சார். எந்திரிங்க சார்."

முனைவர் நாகராசு அவளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். "ஆகட்டும்மா" என்றார். ஏறக்குறைய ஒரு வருடமாக இயந்திரத்தை இம்மியும் அசைக்காத மூன்று பிரிவுகளும் சேர்ந்து இயக்குநரை ஐந்து நிமிடத்துக்குள் அசைத்துவிட்டன. கழகத்தின் வரலாற்றில் அது ஒன்றுதான் வெற்றிகரமான சோதனை.

ஆம்புலன்ஸ் சைரனோடு புதுக்கோட்டைக்குப் பறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்தது. ரத்தக்குழாயில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றைய சோதனைத் திரைகளை ஆதாரம் என்று அப்படியே நிறுத்தி வைத்து, மணமகள் அறையைப் பூட்டினார்கள்.

ஆவணி கடைசியில், இரண்டு முகூர்த்தங்களுக்கு நடுவே கிடைத்த ஒரு நாளில் பாராட்டு விழா நடந்தது. முந்தைய நாள் கல்யாணத்தின் தெர்மோகோல் இதயம் இன்னும் மேடையில் தொங்கியது. சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று யாரும் அதைக் கழற்றவில்லை. சென்னையிலிருந்து உயர் அதிகாரி வந்திருந்தார்.

மெலிந்திருந்த இயக்குநர் பேசினார். "இயந்திரத்தின் உறுதியைச் சோதிக்க நான் என் சொந்த இதயத்தையே பணயம் வைத்தேன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்." கைதட்டல் எழுந்தது. அவர் அதற்குமேல் தொடரவில்லை. முன்வரிசையில் மனைவி இருந்தார்.

அதிகாரி அறிக்கையைப் படித்தார். அழுகைப் பிரிவின் அன்றைய சோதனையில் இயந்திரம் பல முறை வளைந்ததாக மென்பொருள் காட்டுகிறது. ஒவ்வொரு வளைவிலும் 'சரி' என்ற சொல் பதிவாகியுள்ளது. ஆகவே அழுகைப் பிரிவு ஊழியரின் பணி நிரந்தரமாக்கப்படுகிறது.

ஹமீதாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. நிலைமதி திரும்பத் திரும்பச் சொன்னது எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்குள் இருந்த இரண்டு எழுத்தைத்தான் மென்பொருள் எண்ணியிருக்கிறது. அவள் எழுந்து நின்றாள். மறைக்காமல் சொன்னாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அது வளையலைங்க. கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுதாங்க சொல்லுச்சு. எச்சரிக்கைங்கிற சொல்லைத்தாங்க ஒங்க மென்பொருள் எண்ணிருக்கு. இந்த வேலை எனக்கு நியாயமா வந்ததில்லைங்க."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "பார்த்தீர்களா பணிவை! வெற்றியைத் தனதென்று சொல்லிக்கொள்ளக்கூட மனம் வரவில்லை. இப்படிப்பட்டவர்தான் நமக்குத் தேவை" என்று சொல்லிச் சம்பளத்தையும் கொஞ்சம் உயர்த்தினார். இன்னும் ஒரு முறை சொன்னால் இன்னும் உயர்த்திவிடுவார் போலிருந்ததால் ஹமீதா உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் இயக்குநரைத் தனியாகப் பார்த்து எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

விழா முடிந்தது. எல்லோரும் பந்திக்குக் கிளம்பினார்கள். "ஹமீதாம்மா, வாங்க, எலை போட்டாச்சு" என்று ஹாஜா கூப்பிட்டார். "இந்தா வாரேன், நீங்க உக்காருங்க" என்றாள்.

மணமகள் அறையின் பூட்டை அன்றுதான் திறந்திருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. விளக்கைப் போட்டாள். திரை அன்று நின்ற இடத்திலேயே நின்றது. 'அவரிடம் அழுங்கள்' என்ற வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அவள் ஓடிய பிறகு வந்திருக்க வேண்டும். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"ஐயா பிழைத்துவிட்டாரா?"

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஆஸ்பத்திரியில் விசாரித்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பழம் கொடுத்தார்கள், மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். முதலில் கேட்ட நிலைமதிக்கு மட்டும் யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

ஹமீதா கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக்கில் பேசினால் வெளியே கேட்கும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

"பொழச்சுட்டாங்கப்பா. நல்லா இருக்காங்க. ஒரு கொழாயில அடைப்பாம், எடுத்துட்டாங்க. இப்ப பந்தியில உக்காந்திருக்காங்க. எண்ணெய்ப் பலகாரம் வேணாம்னு வீட்டம்மா தள்ளி வச்சுட்டாங்க, மோர்சாதம் சாப்புடுறாங்க. நீ சொன்னதாலதான். இத்தன நாள் சொல்லாம இருந்ததுக்கு மன்னிச்சுக்க."

அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் எழுந்தாள். விளக்கை அணைத்து, கதவை ஓசைப்படாமல் இழுத்துச் சாத்திவிட்டு, குழாயடியில் கை கழுவிக்கொண்டு பந்திக்குப் போனாள். வீரய்யா அவள் இலைக்கு முன்னால் தண்ணீர் தெளித்து, யாரும் உட்கார்ந்துவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.